அறுபது வயசுல முதல் புல்லட்

(எபிசோட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

போன ரெண்டு எபிசோட்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்திப் பேசினோம். பேட்டரி, சார்ஜிங், வாரண்டின்னு ஒரே எதிர்காலமா இருந்துச்சு. இன்னைக்கு வண்டியை அப்படியே பின்பக்கம் திருப்பறோம். ரெட்ரோ பைக். அதுவும் ஐம்பது, அறுபது வயசுக்கு மேல முதல் தடவையா ஒரு ரெட்ரோ பைக் வாங்கறவங்களைப் பத்தி.

நான் சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கறேன். சொந்த ஊர்ப் பக்கம் திண்டிவனம், விழுப்புரம். இதைக் கேக்கறவங்கள்ல நிறைய பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி அந்தப் பக்கம் போறவங்கதான்னு தெரியும். போன ஒண்ணு ரெண்டு வருஷமா ஊருக்குப் போறப்ப ஒரு விஷயம் கவனிக்கறேன். டீக்கடை வாசல்ல, கல்யாண மண்டப பார்க்கிங்ல, புதுசா பளபளன்னு ஒரு 350 சிசி வண்டி நிக்கும். ஓனர் யாருன்னு பார்த்தா காலேஜ் பையன் இல்ல. வெள்ளை வேட்டி, நரைச்ச மீசை, சட்டைப் பையில மூக்குக்கண்ணாடி.

இதைப் பார்த்ததும் நம்ம வயசுக்காரங்க சொல்றது ரெண்டுதான். ஒண்ணு, "தாத்தா செம கெத்து"ன்னு ரீல்ஸ் எடுக்கறது. இன்னொண்ணு, அது நம்ம அப்பாவா இருந்தா, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குப்பா?" ரெண்டுமே அந்த மனுஷனைச் சரியா பார்க்கலன்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன்.

ரெட்ரோன்னா என்ன?

முதல்ல ஒரு சின்ன விளக்கம். பழைய வண்டியைத் தேடிப் பிடிச்சு, பார்ட்ஸ் அலைஞ்சு வாங்கி, சரி பண்ணி ஓட்டறது வேற. அது பழைய வண்டி. ரெட்ரோங்கறது இன்னைக்குத் தொழிற்சாலையில இருந்து வர்ற புது வண்டி, தோற்றம் மட்டும் பழசு. உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், நேரான சீட், குரோம். உள்ள ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஏ.பி.எஸ்., செல்ஃப் ஸ்டார்ட். நம்ம வேலைப் பாஷையில சொன்னா, யூ.ஐ. பழசு, பேக்எண்ட் முழுசா திருப்பி எழுதினது.

இந்தக் கதையில சென்னைக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. ராணுவத்துக்கு எல்லைப் பகுதியில ஓடற வண்டி தேவைப்பட்டுச்சு, அதுக்கு 350 சிசி புல்லட். திருவொற்றியூர்ல தொழிற்சாலை. இங்கிலாந்துல அந்தக் கம்பெனி 1970-ல தயாரிப்பை நிறுத்திடுச்சு. திருவொற்றியூர்ல நிறுத்தல. தாய் வீடு மூடின பிறகும் பிள்ளை வீடு அதே வண்டியை வருஷக்கணக்கா செஞ்சுக்கிட்டே இருந்தது. 1994-ல ஐஷர் கைக்குப் போச்சு. 2009-ல கிளாசிக் வந்துச்சு. இப்ப இருக்கிற கிளாசிக் 350, புது ஜே-சீரீஸ் இன்ஜினோட 2021 செப்டம்பர்ல வந்தது.

அந்த வியாபாரம் ஓடறதைப் பார்த்து மத்தவங்களும் வந்தாங்க. 2018 நவம்பர்ல ஜாவா திரும்பி வந்தது, 2022-ல யெஸ்டி. 2020-ல ஹோண்டா 350 சிசி வண்டி இறக்கினாங்க. 2023-ல பஜாஜும் ட்ரையம்ஃபும் சேர்ந்து ஸ்பீட் 400. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. அதுக்கு மேல போனா 40. அதனால 349 சிசி வண்டி தப்பிச்சுது, 398 சிசி வண்டி மாட்டிக்கிச்சு.

திரும்பி வர்றவங்க இல்ல, முதல் தடவை வர்றவங்க

ரெட்ரோ பைக் உலகம் பூரா இருக்கு. ஜப்பான்ல யமஹாவோட எஸ்.ஆர்.400 1978-ல வந்து 2021 வரைக்கும் கிக்கர் மட்டும் வச்சே வித்துச்சு. அங்க "ரிட்டர்ன் ரைடர்"னு ஒரு வார்த்தையே உண்டு. இளமையில பைக் ஓட்டி, கல்யாணம், குழந்தை, வேலைன்னு விட்டுட்டு, ஐம்பதுல திரும்பி வர்றவங்க. இங்கிலாந்துலயும் இந்தக் கூட்டத்துக்குத் தனிப் பேரு இருக்கு. மறுபிறவி எடுத்த பைக்கர்னு கிண்டலா சொல்லுவாங்க.

இப்ப நம்ம விழுப்புரத்துக்கு வாங்க. 1993 வரைக்கும் இது தென்னாற்காடு மாவட்டம். கரும்பு, நெல், மணிலா. மணிலான்னா வேர்க்கடலை, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எண்பதுகள்ல இந்தப் பக்கம் புல்லட்னா அது யாரோட வண்டி? எஸ்.ஐ. வருவார். ரைஸ்மில் முதலாளி வருவார். பெரிய பண்ணைக்காரர் வருவார். சத்தம் கேட்டா தெருவுல விளையாடற பசங்க ஒதுங்குவாங்க. மத்தவங்களுக்கு சைக்கிள். கொஞ்சம் வசதி வந்தா டி.வி.எஸ். 50. ஓசூர்ல இருந்து 1980-ல வந்த வண்டி அது. ரெண்டு பேர் உக்காரலாம், பின்னாடி ஒரு மூட்டை கட்டலாம், விழுந்தா ஒரு ஆளே தூக்கி நிறுத்தலாம். ஸ்கூட்டர் வேணும்னா புக் பண்ணிட்டு வருஷக்கணக்குல காத்திருந்த காலம்.

அப்ப சைக்கிள்ல ஒதுங்கி நின்ன பையன்தான் இப்ப அறுபது வயசுல ஷோரூம் போறார். அவர் எதுக்கும் "திரும்ப"ப் போகல. அவருக்கு அந்த வண்டி எப்பவும் இருந்ததில்ல. ஜப்பான்காரர் தன் இளமையைத் திரும்ப வாங்கறார்னா, திண்டிவனத்துக்காரர் தனக்கு வராத இளமையை முதல் தடவையா வாங்கறார். கம்பெனிக்காரங்க விளம்பரத்துல நினைவுகளை விக்கறாங்க. இவருக்கு அந்த நினைவுல இருக்கறது பக்கத்துல நின்னு பார்த்தது மட்டும்தான்.

இந்த வித்தியாசம் வெறும் உணர்ச்சி சம்பந்தப்பட்டது இல்ல. உயிர் சம்பந்தப்பட்டது. திரும்பி வர்றவருக்கு கிளட்ச், கியர், கனமான வண்டியை வளைக்கறதுன்னு உடம்புல பழைய பழக்கம் எங்கயோ இருக்கும். முதல் தடவை வர்றவருக்கு அது கிடையாது. மனசுல நாப்பது வருஷமா ஓட்டியிருப்பார். கை கால் ஒரு நாளும் ஓட்டியிருக்காது.

எங்க பெரியப்பா கதை

எங்க பெரியப்பா கண்டக்டரா இருந்தவர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்னு பஸ்ல எழுதியிருந்த காலத்துல வேலைக்குச் சேர்ந்தார். அதுதான் பின்னாடி அரசுப் போக்குவரத்துக் கழகத்தோட விழுப்புரம் கோட்டம் ஆச்சு. வாழ்க்கை பூரா டிரைவர் ஓட்ட, இவர் விசில் அடிச்சவர். சொந்த வண்டின்னா முதல்ல டி.வி.எஸ். 50, அப்புறம் எக்ஸ்.எல். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் கழிச்சு, 61 வயசுல, "புல்லட் எடுக்கப் போறேன்"னார்.

வீட்டுல பெரிய சண்டை. அண்ணன், அதாவது பெரியப்பா பையன், சென்னையில இருந்து போன்லயே கத்தினான். "இந்த வயசுல எதுக்குப்பா? ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நான் எடுத்துத் தரேன்." பெரியப்பா சொன்ன பதில்: "நீ எடுத்துக் குடுத்தா அது உன் வண்டிடா. நான் கேக்கறது என் வண்டி."

பெரியம்மா கத்தல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாத்துக்கறது? உங்க பையனா வரப்போறான்? நான்தானே?"

எனக்கு இந்த ரெண்டாவது வாதம்தான் உண்மையான வாதமா பட்டுச்சு. அண்ணன் பேசினது வயசைப் பத்தி. பெரியம்மா பேசினது விளைவைப் பத்தி. வயசுக்குப் பதில் சொல்ல முடியாது, விளைவுக்குத் திட்டம் போட முடியும். அதனால நான் பெரியப்பாகிட்ட "வாங்கு"ன்னும் சொல்லல, "வேணாம்"னும் சொல்லல. வேலையில புது சிஸ்டம் லைவ் போறதுக்கு முன்னாடி பண்ற மாதிரி ஒரு செக்லிஸ்ட் போடலாம்னேன். அவர் ஒரு பழைய டைரியை எடுத்துட்டு வந்து உக்காந்துட்டார்.

முதல் கேள்வி: லைசென்ஸ்

பெரியப்பாகிட்ட இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். அதை வச்சு புல்லட் ஓட்ட முடியாது. இது ஊர்ல நிறைய பேர் கவனிக்காத விஷயம். இருபது வருஷமா எக்ஸ்.எல். ஓட்டினவர் புல்லட் ஓட்டினா சட்டப்படி அவர் லைசென்ஸ் இல்லாதவர்.

வயசைப் பொறுத்து லைசென்ஸோட காலமும் மாறும். 50-ல இருந்து 55-க்குள்ள எடுத்தா 60 வயசு வரைக்கும் செல்லும். 55-க்கு மேல எடுத்தா, புதுப்பிச்சா, அஞ்சஞ்சு வருஷம். காலாவதி ஆகி ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடியும் ஓட்டிக் காட்டணும். 40 வயசுக்கு மேல டாக்டர் கையெழுத்து போட்ட படிவம் 1ஏ வேணும்.

இன்ஷூரன்ஸ் பக்கமும் பாருங்க. ஓனரே ஓட்டும்போது விபத்துல இறந்தா, ஊனமானா 15 லட்சம் வரைக்குமான தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனா அந்த வண்டியை ஓட்டத் தகுதியான லைசென்ஸ் செல்லுபடியில இருக்கணும். பெரியம்மாவோட கேள்விக்குப் பாதி பதில் இந்த ஒரு வரியில இருக்கு. அதனால டைரியில முதல் வரி: லைசென்ஸ்.

எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழிச்சு, திண்டிவனம் ஆர்.டி.ஓ.வுல பெரியப்பா எட்டு போட்டார். சுத்தி பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பசங்க. தெரிஞ்ச ஒருத்தரோட ஸ்ப்ளெண்டர்ல ஒரு மாசம் பள்ளிக்கூட மைதானத்துல பழகியிருந்தார். ரெண்டாவது வளைவுல கால் ஊனாம வந்ததும் வரிசையில நின்ன பசங்க கை தட்டினாங்க. "அம்பது வயசு குறைஞ்சிடுச்சுடா"ன்னு போன்ல சொன்னார். கணக்குப் போட்டா பதினொண்ணுதான் வருது. நான் திருத்தல.

ரெண்டாவது கேள்வி: எடை

கிளாசிக் 350 பெட்ரோலோட 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. எக்ஸ்.எல். 100 தொண்ணூறு கிலோவுக்குள்ள. அதாவது பெரியப்பா இதுவரைக்கும் ஓட்டின வண்டி ரெண்டை ஒண்ணா கட்டினா வர்ற எடை.

ஓடும்போது இந்த எடை தெரியாது. அதுதான் ஏமாத்தும். டெஸ்ட் ரைடு போனா எல்லாருக்கும் வண்டி லேசாதான் இருக்கும். எடை தெரியறது இஞ்சின் நின்ன பிறகு. பார்க்கிங்ல பின்னாடி தள்றப்ப. சரளைக்கல்லுல யூ-டர்ன் போடறப்ப. சைடு ஸ்டாண்ட்ல இருந்து நிமிர்த்தறப்ப. வயசானவங்க இந்த வண்டியைக் கீழ போடறது பெரும்பாலும் இந்த மாதிரி நின்ன இடத்துலதான்.

அதனால ஷோரூம்ல நாங்க பண்ணது இதுதான். விழுப்புரத்துல ஒரு ஷோரூம். டெஸ்ட் ரைடுக்கு முன்னாடியே, "அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணாம தள்ளிப் பார்க்கறோம்"னு கேட்டோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுக்கறது, முன்னாடி பத்தடி, பின்னாடி பத்தடி, இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். பெரியப்பா வேர்த்து விறுவிறுத்துப் போனார், ஆனா செஞ்சுட்டார். 805 மில்லிமீட்டர் சீட் உயரத்துல ரெண்டு பாதமும் முழுசா தரையில பட்டுச்சு. இது ரொம்ப முக்கியம். நுனிக்கால்ல நிக்கற மாதிரி இருந்தா அந்த வண்டி உங்களுக்கு இல்ல.

அதே கம்பெனியோட ஹண்டர் 350-ஐயும் காட்டினேன். அதே இன்ஜின், 181 கிலோ, சீட்டும் 790 மில்லிமீட்டர். அறிவுப்படி அதுதான் சரி. பெரியப்பா சுத்தி வந்து பார்த்துட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது அது இல்லையே"ன்னார். சரி. ரெட்ரோ வாங்கறவருக்குத் தோற்றமும் ஒரு நியாயமான காரணம்தான். அதை நாம அவமானப்படுத்தக் கூடாது.

ஆனா வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். திண்டிவனத்துல இருக்கிற வீடு தெருவை விட ஒன்றரை அடி உயரம். கேட்டுக்குள்ள ஏத்தறதுக்கு அஞ்சு அடி நீளத்துல ஒரு செங்குத்தான சாய்வுதளம். எக்ஸ்.எல். அதுல ஏறிடும். 195 கிலோ வண்டியைத் தள்ளி ஏத்தணும்னா, உராய்வைக் கணக்குல எடுக்காமலே, கிட்டத்தட்ட 58 கிலோவைத் தூக்கற அளவு பலம் வேணும். அதே உயரத்துக்கு சாய்வை 12 அடி நீளமாக்கினா அது 24 கிலோவா குறையும். பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். டைரியில படம் போட்டுக் காட்டினேன்.

பெரியப்பா வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி கொத்தனாரைக் கூப்பிட்டார். முன்வாசலை உடைச்சு நீளமா ஒரு சாய்வு. கொத்தனார் வந்த அன்னைக்கு பெரியம்மா சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய், "இந்த மேடை முப்பது வருஷமா ஒரு சாண் தாழ்வா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. சிமெண்ட் மிச்சம் இருந்தா இதையும் உசத்திடுங்க"ன்னாங்க. சிமெண்ட் மிச்சம் இல்ல. புதுசா மூட்டை வாங்கி உசத்தினாங்க. அதையும் டைரியில வண்டிச் செலவுக்குக் கீழயே பெரியப்பா எழுதி வச்சார்.

இதை ஏன் சொல்றேன்னா, ரிட்டயர்மென்ட் பணம் ஒருத்தரோட பணம் இல்ல. ரோடு மேல போறப்போ ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகிற வண்டி. ஒருத்தரோட நாப்பது வருஷ ஆசைக்கு அதுல பங்கு இருந்தா, இன்னொருத்தரோட முப்பது வருஷ முதுகுவலிக்கும் பங்கு இருக்கணும். "அப்பா பைக் வாங்கட்டும்"னு ஆதரவு தர்றவங்க, அம்மாகிட்டயும் அதே கேள்வியைக் கேளுங்க.

மூணாவது கேள்வி: உடம்பு

பழைய புல்லட்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஸ்டார்ட் பண்ண டிகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு, ஆம்ஸ் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து உதைக்கணும். சரியா உதைக்கலன்னா வண்டி நம்மளைத் திருப்பி உதைக்கும். அந்தக் காலத்து யெஸ்டில கிக்கரை மடக்கினா அதுவே கியர் லீவர். இப்ப எல்லாம் ஒரே ஒழுங்குக்கு வந்தாச்சு. கியர் இடது, பிரேக் வலது, செல்ஃப் ஸ்டார்ட். புது கிளாசிக்ல கிக்கரே இல்ல. முட்டிவலிக்காரங்களுக்கு நல்ல செய்தி.

இன்ஜினும் வயசானவங்களுக்குத் தோதானதுதான். சிலிண்டரோட அகலம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 85.8. அகலத்தை விட நீளம் அதிகம். அதனால இழுவை குறைஞ்ச வேகத்துலயே கிடைக்குது. 4,000 ஆர்.பி.எம்.ல 27 நியூட்டன் மீட்டர். அடிக்கடி கியர் மாத்த வேண்டாம். அந்த "டப் டப்" சத்தமும் இதோட சேர்ந்ததுதான். ஒரே சிலிண்டர், ரெண்டு சுத்துக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துல நின்னுட்டு இருந்தா செகண்டுக்கு எட்டு வெடிப்பு. தனித்தனியா காதுல விழற அளவு மெதுவு.

ஆனா மிஷின் மாறின மாதிரி உடம்பு மாறாது. ரெண்டு விஷயம் சோதிச்சே ஆகணும். ஒண்ணு, கண். கண்புரை ஆரம்பிச்சிருந்தா பகல்ல தெரியாது, ராத்திரி எதிர்ல வர்ற லைட்டு சிதறிக் கண்ணைக் கூசும். ரெண்டு, சுகர். நம்ம வீட்டுல பாதிப் பேருக்கு இருக்கு. ரொம்ப வருஷமா சுகர் இருந்தா பாதத்துல மரத்துப் போற பிரச்சனை வரலாம். பின் பிரேக் எதுல இருக்கு? வலது பாதத்துல. எவ்வளவு அழுத்தறோம்னு பாதம் சொல்லலன்னா பிரேக் இருந்தும் பாதி இல்லாத மாதிரி. பெரியப்பாவுக்கு சுகர் இருக்கு. டாக்டர்கிட்ட போய் பாதத்தைச் சோதிச்சுக்கிட்டு வந்தார். உணர்ச்சி நல்லா இருக்குன்னு சொன்னதும்தான் அட்வான்ஸ் கட்டினோம். இல்லைன்னு சொல்லியிருந்தா வாங்கறது இல்லன்னு முதல்லயே டைரியில எழுதி வச்சிருந்தோம்.

நாலாவது கேள்வி: எந்த ரோடு?

புல்லட் வாங்கினா எல்லாருக்கும் லடாக் கனவு வரும். நிஜத்துல நம்ம ஆளு ஓட்டப்போறது திண்டிவனம் – விழுப்புரம். சுமார் நாப்பது கிலோமீட்டர் நாலுவழிச் சாலை. ஓட்ட ஆசையாத்தான் இருக்கும். விக்கிரவாண்டி டோல்கேட்ல பைக்குக்குக் காசும் கிடையாது.

ஆனா அது சென்னையில இருந்து திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போற மொத்தப் போக்குவரத்தும் ஓடற ரோடு. மீடியன் இடைவெளியில ஊர்க்காரங்க குறுக்க வருவாங்க. எதிர்த்திசையில வண்டி வரும். கரும்பு சீசன்ல முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டர் டிரெயிலர், பின்னாடி லைட் இல்லாம இருட்டுல ஊர்ந்துக்கிட்டு இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகுது. பார்த்து, புரிஞ்சு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்டு ஆச்சுன்னா 33 மீட்டர் பிரேக்கே பிடிக்காம போயிருப்போம். 60-ல இருந்து 80-க்குப் போனா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. மோதற சக்தி முக்கால் பங்குக்கு மேல கூடுது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும். நாம லேட்டா பிரேக் பிடிச்சதை அது சரி பண்ணாது.

அதனால டைரியில ரெண்டு விதி எழுதினோம். பொழுது சாஞ்ச பிறகு ஹைவே கிடையாது. முதல் ஆறு மாசம் 60-க்கு மேல கிடையாது. அப்புறம், சின்ன ரோடு நிறைய இருக்கு. கூட்டேரிப்பட்டுல திரும்பினா மயிலம் முருகன் கோயில். கிழக்க போனா மரக்காணம் உப்பளம். மேற்க முப்பது கிலோமீட்டருக்குள்ள செஞ்சி. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த கோட்டை. காலையில ஆறு மணிக்குக் கிளம்பி, கோட்டை வாசல்ல டீ குடிச்சுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வீடு வந்துடலாம். 350 சிசி வண்டிக்கு இதை விட என்ன வேணும்?

பின் சீட்

கடைசியா ஒண்ணு. பின்னாடி உக்கார்றவங்க. மோட்டார் வாகன விதி 123-ன்படி பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்துல சிக்காம இருக்க பின்சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு, மூணும் இருக்கணும். இதைத்தான் நாம சேலை கார்டுன்னு சொல்றோம். அழகைக் கெடுக்குதுன்னு அதை முதல் வாரமே கழட்டிப் போடறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க. ஒத்தைச் சீட்டு மாட்டி "ஸ்டைல்" பண்றதையும் யோசிச்சுப் பண்ணுங்க. அந்த ஒத்தைச் சீட்டுல யாருக்கு இடமில்லன்னு பெரியம்மாவுக்கு நல்லாவே தெரியும்.

ஹெல்மெட் ரெண்டு. ரெண்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோட. பெரியம்மா ஒரு நிபந்தனையும் போட்டாங்க. ஹைவேயில ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது, மயிலம் வரைக்கும் மட்டும்தான். அதுவும் ஊர் ரோட்டு வழியா. இப்ப கிருத்திகைக்குக் கிருத்திகை போறாங்க. டி.என். 16 நம்பர் பிளேட்டுல, நாப்பது கிலோமீட்டர் வேகத்துல.

சரி, முடிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்த வாரம் ஊருக்குப் போனா உங்க அப்பாவையோ, பெரியப்பாவையோ, மாமாவையோ கேளுங்க. "உங்க காலத்துல எந்த வண்டி மேல ஆசை?" ஆர்.எக்ஸ். 100-னு சொல்லலாம், யெஸ்டின்னு சொல்லலாம், புல்லட்னு சொல்லலாம். "அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னும் சொல்லலாம். வாங்கணும்னு அவசியம் இல்ல. சுகரோ, கண்ணோ, பணமோ இடம் குடுக்காம போகலாம். அப்படி இருந்தா அதை அவர்கூட உக்காந்து, கணக்குப் போட்டு, அவரே சொல்ற மாதிரி முடிவுக்கு வாங்க. "இந்த வயசுல எதுக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த வயசுல ஏன் வாங்க முடியலன்னு அவருக்குத் தெரியும். உங்க ஸ்கூல் ஃபீஸ் ரசீது இன்னும் பீரோவுல இருக்கும், தேடிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புக்குல என்னென்ன பார்க்கணும்னு பேசலாம். அதுவரைக்கும் ஹெல்மெட் போடுங்க, பக்கிளையும் மாட்டுங்க.